துண்டுக்கு அடியில் ஒரு டிராக்டர்

தம்பி, மடியில வெச்சிருக்கறது டிராக்டர் படந்தானுங்களே? கண்ணாடி போடலீன்னாலும் அந்தப் பின்சக்கரத்தப் பாத்தே கண்டுபுடிச்சுட்டேன். சித்த இக்கட்ட நகந்து உக்காருங்க, ஜன்னல்ல சாரலடிக்குது, படம் நனைஞ்சுரும். வாங்கப் போறீங்களா, சும்மா பாக்கறதுக்கா? வாங்கத்தானா! அப்ப உங்களுக்கு நேரம் நல்லா இருக்குதுங்க. பஸ்ஸுல இத்தன சீட்டு காலியாக் கெடக்க, எம்பக்கத்துல வந்து உக்காந்தீங்க பாருங்க.

என்ற பேரு சென்னியப்பன். மாட்டுத் தரகு. காங்கயத்துலருந்து அக்கட்டால எந்தச் சந்தைல வேண்ணாலும் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன்னாத் தெரியாத ஆளில்ல. வெல பேசறதுல என்னைய மிஞ்ச ஆளில்லீன்னு நானாச் சொல்லக்கூடாது, அதனால மத்தவங்க சொல்றதச் சொல்றேன். இப்பத்தான் என்ற தங்கச்சிக்கு ஒரு டிராக்டர் முடிச்சுக் குடுத்தேனுங்க. அதச் சொல்றேன், கேட்டுக்குங்க, உங்களுக்கு ஒதவும்.

தங்கச்சி பேரு கலாமணி. ஊட்டுக்காரரு லாரி ஓட்றாரு, வடக்க போனாருன்னா திரும்பி வர மாசக்கணக்காகும். பண்ணயம் பூராவும் அவதான். அவகிட்ட ஒரு சோடி எருது இருந்துச்சு. அத வித்துப்போட்டு, பேங்குல லோனும் போட்டு, டிராக்டர் வாங்கறேன்னு நின்னா. சொந்தக் காடு தோட்டத்துக்கு மட்டுமில்லீங்க. வாய்க்கா ஓரத்துல இருக்கற நாலஞ்சு பண்ணயத்துக்கும் வாடகைக்கு உழவு ஓட்டித் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டா. மழை எறங்குனா ஈரம் காயறதுக்குள்ள உழுகோணும். அதுக்குள்ள வண்டி வரலீன்னா அவங்க வெளியூரு டிராக்டரக் கூப்புட்டுக்குவாங்க. ஒருதடவ கூப்புட்டாங்கன்னா அப்பறம் வருசாவருசம் அந்த ஆளுதான். இவ எருதும் இல்லாம, வேலையும் இல்லாம, லோனக் கட்டிட்டு உக்காந்திருக்கோணும். அந்தப் பயந்தான் அவளுக்கு.

எருத வித்துக் குடுத்ததும் நாந்தானுங்க. தங்கச்சிகிட்டயே தரகு வாங்கிட்டேன்னு ஊருல ஒரு பேச்சு ஓடுது. பொய்யுங்க அது. பாதித் தரகுதான் வாங்குனேன்.

மாப்பிள்ளை போன்ல சொன்னாராம், "கடைக்குப் போறப்ப உங்கண்ணனக் கூட்டிட்டுப் போ"ன்னு. வெவரமான மனுசன். எதுக்குச் சொன்னாருன்னு கலாமணியக் கேட்டேன். "நீ பேசிட்டே இருந்தீன்னா நான் நிம்மதியா வண்டியப் பாக்கலாம்னு சொன்னாருண்ணா"ன்னா. என்ற பேச்சு மேல அவருக்கு அத்தன நம்பிக்கை.

பஸ்ஸுல போறப்பவே அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன். "இத பாரு அம்மிணி, உள்ள போனா நீ வாயே தொறக்கக்கூடாது. புடிச்சிருந்தாலும் புடிக்காத மாதிரி மொகத்த வெச்சுக்கோணும். நம்ம ஆசை அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா வெல எறங்காது." "செரீண்ணா"ன்னா. உள்ள போயி ரெண்டு நிமிசம் ஆகலீங்க, நடுவால நின்ன வண்டி மேல ஏறி உக்காந்து, ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறா. காரியத்தையே கெடுத்துட்டா. சந்தைல எந்த மாட்டையாச்சும் கழுத்தக் கட்டிப் புடிச்சுட்டு வெல கேட்டவன் உண்டுங்களா?

கடைல ஒரு பையன் இருந்தான். ரகுநாத்துன்னு சட்டைல பேரு குத்தியிருந்துச்சு, கழுத்துல டை. "வாங்க சார், என்ன மாடல் பாக்கறீங்க"ன்னான். வண்டியச் சுத்தி ஒரு வட்டம் வந்தேன். வெல பேசறதுக்கு முன்னால கொறை சொல்லோணும், அதுதான் மொறை. மாடுன்னா பல்லப் பாப்போம், சுழியப் பாப்போம், நடக்க உட்டுப் பாப்போம். இது புது வண்டி, பெயிண்டு மினுமினுன்னு இருக்குது, என்னத்தச் சொல்றது? நல்லாப் பாத்து ஒண்ணக் கண்டுபுடிச்சேன். "முன்சக்கரம் சிறுசா இருக்குதே தம்பி"ன்னேன்.

"எல்லா டிராக்டருக்கும் அப்படித்தான் சார் இருக்கும்."

"எல்லாத்துக்கும் இருந்தா கொறை கொறையில்லீன்னு ஆயிருமா?"

பையன் டைய இழுத்து உட்டுக்கிட்டான். கலாமணி மேல உக்காந்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டா. அவளுக்கு என்னமோ இருமல்.

அப்பறந்தான் துண்ட எடுத்தேன். உங்களுக்குச் சந்தைப் பழக்கம் இருக்குதுங்களா? இல்லியா, அப்பக் கேட்டுக்குங்க. நாங்க வாயில வெல பேசறதில்ல. துண்டப் போட்டு, அதுக்கு அடியில ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்குவோம். ஒரு வெரலப் புடிச்சா ஒண்ணு, ரெண்டப் புடிச்சா ரெண்டு, முழுக்கையப் புடிச்சா அஞ்சு. ஒத்துக்கிட்டா மேல ஒரு தட்டு. சுத்தி நிக்கறவன் ஒருத்தனுக்கும் தெரியாது. வாங்கறவனுக்கும் மானம் போகாது, விக்கறவனுக்கும் போகாது. ஒருக்காத் தட்டிட்டா முடிஞ்சுதுங்க, பெத்த அப்பனே வந்து சொன்னாலும் மாத்தப்படாது.

அந்தப் பையன் ஒரு வெல அட்டையக் காமிச்சான். அத நான் பாக்கவே இல்லீங்க. துண்ட எடுத்து அவன் கை மேல போட்டேன். மெரண்டுட்டான். "பயப்படாத தம்பி"ன்னு உள்ளாற கைய உட்டு, நாலு வெரலப் புடிச்சு அழுத்துனேன். மாட்டுக்குன்னா ஒரு வெரலு ஆயிரம். டிராக்டருக்கு மரியாதையா இருக்கட்டும்னு பத்தாயிரமா வெச்சுக்கிட்டேன். ஆக, நாப்பதாயிரம் கொறைக்கச் சொல்றேன். இது அவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? யாவாரத்துக்குன்னு வந்து உக்காந்தவனுக்கு இதுகூடத் தெரியாதுங்களா!

அவன் என்ன பண்ணான்னா, என்ற கைய முழுசாப் புடிச்சு நல்லாக் குலுக்குனான். குலுக்கிப்போட்டு, இன்னொரு கையால துண்டு மேல ஒரு தட்டு. "ரொம்ப சந்தோசம் சார்"ன்னு வேற சொன்னான்.

நாலு கேட்டா அஞ்சு குடுக்கறான்! கேட்டதுக்கு மேல கொறைக்கற ஆள என்ற பொழப்புல பாத்ததில்ல. பாவம், சின்னப் பையன், வேலைக்கு ஏதாச்சும் கெடுதலாயிருமோன்னுகூட நெனச்சேன். ஆனா யாவாரம் யாவாரந்தானுங்களே. "கலாமணி, எறங்கு, முடிஞ்சுது"ன்னேன்.

பில்லு போட்டுட்டு வந்தான். பாத்தா அட்டைல இருந்த அதே வெல. ஒத்தப் பைசா கொறையல. "என்ன தம்பி, நாலு வெரலு கேட்டதுக்கு அஞ்சு கொறைச்சேல்ல, அம்பதாயிரம்?"ன்னா, "எப்ப சார்?"ங்கறான். கையக் குடுத்துட்டு, தட்டியும் குடுத்துட்டு, எப்பன்னு கேக்கறானுங்க! நீங்க ஏனுங்க சிரிக்கறீங்க? உங்களுக்கு நடந்திருந்தாத் தெரியும். "இந்தக் கடைல ஈனுன மாடுகூட வாங்கமாட்டேன்"னு சொல்லிப்போட்டு எந்திரிச்சேன்.

இதுல ஒரு சூச்சுமம் இருக்குதுங்க, நல்லாக் கேட்டுக்குங்க. கோவிச்சுட்டு எந்திரிச்சு வர்றப்ப வேகமா வரப்படாது. மெதுவா வரோணும். திரும்பக் கூப்புடறதுக்கு அவனுக்கு நேரம் குடுக்கோணுமில்லீங்களா? செருப்ப மாட்டறதுக்கே நெம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். கேட் பக்கத்துல போயி வேட்டிய அவுத்துக் கட்டுனேன். ரோட்டத் தாண்டி, எதுக்கால இருக்கற டீக்கடைல அவன் கண்ணுல படற மாதிரி உக்காந்து டீ குடிச்சேன். இன்னொரு டீயும் குடிச்சேன். ஒருத்தனும் கூப்புடல. கலாமணி மட்டும் நெம்ப நேரங்கழிச்சு வெளிய வந்தா. "எங்க போயிட்ட?"ன்னேன். "தண்ணி தாகமா இருந்துச்சுண்ணா"ங்கறா. கையில அந்த வெல அட்டை, பையனோட போன் நம்பரு எழுதுனது. "அத என்னத்துக்கு வாங்குன, வீசு"ன்னேன். மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. ஒரு காயிதத்தக்கூட வீணாக்கமாட்டா, அப்படி ஒரு சிக்கனம்.

அடுத்தாப்புல வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊரு பேரு வேண்டாமுங்க, எதுக்கு வம்பு. கடை சின்னதுதான், ஆனா மொதலாளி மனுசன்னா அவருதான் மனுசன். "வாங்க பெரியவரே"ன்னு சேரத் தொடச்சுப் போட்டாரு. மோரு வந்துச்சு. நான் துண்ட எடுத்ததும் கையக் கழுவிட்டு வந்து எதுக்க உக்காந்து, "எங்கய்யனும் மாட்டு யாவாரந்தானுங்க"ன்னாரு பாருங்க, எனக்கு அங்கயே மனசு நெறஞ்சுபோச்சு.

அரை மணி நேரம் பேசுனமுங்க. ஒரு வார்த்தை வாயத் தொறக்கல, பூராவும் வெரல்லதான். நான் அஞ்சுன்னு முழுக்கையப் புடிச்சா, அவரு ஒத்த வெரலக் குடுக்கறாரு. நான் கைய ஒதறிட்டு நாலப் புடிச்சா, அவரு ரெண்டு குடுத்து சுண்டுவெரலச் சேத்தலாமா வேண்டாமான்னு ஆட்டி ஆட்டிக் காட்றாரு. மனுசனுக்கு என்ன நயம்! அந்த மாதிரி ஆளுகிட்ட வெல பேசறதே ஒரு சொகமுங்க. கடைசில நான் மறுக்கா முழுக்கையப் புடிச்சேன், அஞ்சுக்கே வந்துட்டாரு. ரெண்டு பேரும் தட்டிக்கிட்டோம். ஒரம்பரைச் சனம் மாதிரி, சொந்தக்காரங்களாட்டம் ஆயிட்டோம்.

இந்தக் கலாமணிய எங்கடான்னு பாத்தா ஆளக் காணம். பின்னால ஷெட்டுல இருந்து வர்றா. முழங்கையெல்லாம் தூசி. "அண்ணா, டயரு வெடிப்பு உட்டிருக்குது. வெய்யல்ல நெம்ப நாளா நின்ன வண்டிண்ணா இது"ங்கறா. டயரு புதுசாப் போட்டா ஆச்சு, அதெல்லாம் ஒரு பேச்சா? நேரா மொதலாளிகிட்டப் போயிட்டா. "இது எந்த வருசத்து வண்டிங்க? உழவு நடந்துட்டிருக்கறப்ப நின்னுபோச்சுன்னா மெக்கானிக்கு காட்டுக்கு வருவாருங்களா?"

அவரு அவளுக்குப் பதிலு சொல்லல, என்னையப் பாத்துச் சொன்னாரு: "அதெல்லாம் பெரியவரு பாத்துக்குவாருங்க." எத்தன மரியாதை பாருங்க! நானும் "ஆமா, நான் பாத்துக்குவேன்"னுட்டேன்.

"நீ ரிப்பேரு பாப்பயாண்ணா?"ன்னு கேட்டாளுங்க. மொதலாளிய வெச்சுக்கிட்டே கேட்டா. எனக்கு மொகத்த எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

"இந்த வண்டி வேண்டாங்க"ன்னு சொல்லிப்போட்டு நடந்துட்டா. என்ற மாதிரி மெதுவாக்கூட நடக்கலீங்க, விறுவிறுன்னு போயிட்டா. மொதலாளி ரோடு வரைக்கும் பின்னாலயே வந்தாரு. "இன்னும் ஒரு வெரலு கொறைக்கறேன் அம்மிணி, ரெண்டு கொறைக்கறேன்"னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல. கூப்புடறப்பத் திரும்பலீன்னா, அப்பறம் கோவிச்சுட்டுப் போறதுல என்னங்க அர்த்தம்?

பஸ்ஸுல அவளப் புடிச்சு நல்லாத் திட்டுனேன். "தட்டுன கைய ஒதறிட்டு வந்துட்டமே, நாளைக்கு அந்த மனுசன் மொகத்துல எப்படி முழிக்கறது? உனக்கு மொறை தெரியுமா, மானம் தெரியுமா"ன்னு. ஜன்னலப் பாத்துட்டே வந்தா. மேக்கால வானம் கறுத்துட்டு நின்னுச்சு. அப்பறம் சொன்னா: "அண்ணா, நான் அந்த நாலஞ்சு ஊட்டுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். மழை வந்து, வண்டியும் வந்து, பாதிக் காட்டுல நின்னுபோச்சுன்னா என்னைய யாரு நம்புவாங்க? உனக்கு வெல எறங்கோணும். எனக்கு வண்டி ஓடோணும்."

எனக்கு வந்த கோவத்துல, "இனி உனக்கு நான் எங்கயும் வரமாட்டேன், எங்கியோ போயி எதையோ வாங்கிக்க"ன்னு சொல்லிப்போட்டு என்ற ஊருல எறங்கிட்டேன். அதுக்கப்பறம் போனும் பண்ணல. அவளும் பண்ணல. சந்தைக்குப் போனாலும் வானத்தத்தான் பாத்துட்டு நின்னேன். இன்னைக்கு மழை எறங்கிருமோ, நாளைக்கு எறங்கிருமோன்னு மாட்டுப் பல்லக்கூடச் செரியாப் பாக்கல.

ரெண்டு வாரங்கழிச்சுக் கூப்புட்டா. "அண்ணா, நாளைக்கு வண்டி எடுக்கறேன். நீ வந்து நிக்கோணும்."

"எந்தக் கடைல?"

"மொதல்ல போனமே, அங்கதான்."

"அவன்கிட்டயா? வெல?"

போன்ல மறுக்கா அதே இருமல். அப்பறம் சொன்னா: "நீ புடிச்ச அந்த நாலு வெரலுதான்ண்ணா கொறைச்சிருக்காங்க."

பாத்தீங்களா தம்பி! பாத்தீங்களா! கேட் பக்கத்துல கூப்புடலீன்னா என்ன, ரெண்டு வாரங்கழிச்சுக் கூப்புட்டாங்களா இல்லியா? நான் மெதுவா நடந்தது வீண் போகலீங்க. டீக்கடைல ரெண்டு டீ குடிச்சது வீண் போகல. பையன் அஞ்சுக்கு ஒத்துக்கிட்டவன்தான், நாலோட நின்னுட்டான், போகட்டும்.

மறுநாளு வெள்ளை வேட்டி கட்டிட்டுப் போனேன். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சிருந்தாங்க. அந்த ரகுநாத்து என்னையப் பாத்ததும் தூரத்துலயே நின்னு கும்புட்டான், கிட்டக்க வல்லீங்க. தப்புப் பண்ணவனுக்குக் கூச்சம் இருக்குமில்லீங்களா? நானே போயி, "பரவால்ல தம்பி, நான் மனசுல வெச்சுக்கல"ன்னேன்.

அவன் என்னென்னமோ சொன்னான். "சார், அக்கா கேட்டாங்கன்னு வண்டிய அவங்க காட்டுக்கே கொண்டுபோயி உழுது காட்டுனமுங்க. அக்காவோட நாத்தனாரு ஊருல ரெண்டு பேரு வண்டி வாங்கறதுக்குப் பாத்துட்டிருந்தாங்க, அவங்களையும் அக்காதான் கூட்டிட்டு வந்தாங்க. மூணு வண்டி சேந்தாப்புலன்னதும்தான் மேனேஜர் கொறைச்சாரு. உழவு நேரத்துல மெக்கானிக்கு காட்டுக்கே வரோணும்னு எழுதியும் வாங்கிட்டாங்க"ன்னான். நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டேன். தோத்துப்போன கடைக்காரன் ஆயிரஞ் சொல்லுவான். அடி போட்டது யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா?

வண்டிய ஊருக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு நான் ஒரு டிரைவரப் பேசி வெச்சிருந்தேன். அந்த ஆளு நின்னுட்டே இருக்கறான், இவ பாட்டுக்கு ஏறி உக்காந்து, கியரப் போட்டு, ரோட்டுக்குக் கொண்டுபோயிட்டா. மாப்பிள்ளை ஊட்டுக்கு வர்றப்பெல்லாம் யாரு வண்டியையோ வாங்கிப் பழக்கி உட்டிருக்கறாரு. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. டிரைவருக்கு நாந்தான் டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன்.

மழையும் வந்துச்சுங்க. ஒரு ராத்திரி பூரா கொட்டித் தீத்துச்சு. எனக்கும் ஒரு மேட்டுக்காடு இருக்குது, சோளம் வெதைக்கறது. அதையும் ஈரத்தோட உழுகோணும். ஆனா நான் கலாமணிகிட்டக் கேக்கலீங்க. எதையோ வாங்கிக்கன்னு பஸ்ஸுல திட்டுனவன், எந்த வாயால போயிக் கேக்கறது? எவனாச்சும் வெளியூருக்காரனப் புடிச்சுக்கலாம்னு இருந்தேன்.

வெடியால பல்லு வெளக்கிட்டிருக்கறேன், டிராக்டர் சத்தம். பாத்தா என்ற காட்டு வரப்புல கலாமணி நிக்கறா, சேலை மேல மாப்பிள்ளையோட சட்டையப் போட்டுட்டு. ஓடுனேன். "ஏ அம்மிணி, வாக்குக் குடுத்த காடெல்லாம் என்னாச்சு?"ன்னேன். "உச்சிவேளைலருந்து அவங்களுக்கு. சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்"னா. "உம்பட காடு?" "அது கடைசில."

புதுசா ஓட்றவளுக்குக் கை பழக ஒரு காடு வேணும், அதுக்கு நம்ம காடு ஆப்புட்டுதுன்னு நெனச்சேனுங்க. உழவுச்சாலு கோணையாப் போனாலும் அண்ணன் திட்டமாட்டான்னு வந்திருப்பா. அதையேதான் அவகிட்டயும் சொன்னேன்.

"அதில்லண்ணா"ன்னா. "மொத சாலு உன்ற காட்டுல போடோணும்னு அன்னைக்கே நெனச்சுட்டேன். எனக்காக ரெண்டு ஊரு அலைஞ்சவன் நீதான்."

தம்பி, அண்ணன் தங்கச்சிக்குச் சீரு செய்யறதுதான் ஊரு வழக்கம். கல்யாணத்துக்குச் செய்வோம், நோம்பி பண்டிகைக்குச் செய்வோம், கொழந்த பொறந்தாச் செய்வோம். தங்கச்சி வந்து அண்ணனுக்குச் செஞ்சா என்ன பண்ணோணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத அவ பாக்கறதுக்குள்ள வாடகை எவ்வளவுன்னு கேட்டுட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம்."

"அது ஆவாது. ஊரு வாடகைல பாதி."

"வேண்டாம்ண்ணா."

"முக்காலு."

வேண்டாம்னு தலைய ஆட்டுனா.

"செரி, முழு வாடகை, மேல டீசலுக்கும் தர்றேன்"னேன். வெலய நானே ஏத்தி ஏத்திப் பேசுனது என்ற பொழப்புல அன்னைக்குத்தானுங்க மொத தடவ. எதிராளி ஒண்ணுமே வேண்டாங்கறா, ஒண்ணுமில்லாததுக்குக் கீழ எங்க எறங்கறது? கோவிச்சுட்டுப் போற மாதிரிகூடப் பாத்தேன். சொந்தக் காட்ட உட்டுப்போட்டு எங்க போறது?

இன்னும் ஒரு தொகை ஏத்திச் சொல்றதுக்கு வாயெடுத்தேன், அவ எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டா. நான் கத்தறேன், அவ ஒண்ணும் கேக்கலீன்னு காதத் தொட்டுக் காட்டிச் சிரிக்கறா. டிராக்டர் வெலைல செயிச்சவன் நான், அதுல மாத்தமில்ல. இந்த ஒண்ணுல மட்டும் தோத்துட்டேனுங்க. வரப்புல நின்னுட்டு நான் வெலயச் சொல்லிட்டே இருக்கறேன், அவ உழுதுட்டே போறா.